கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் காயிலைப் பாருங்கள்: வீட்டு ஏ.சி.யை நாமே கழுவும் முறை

"கேஸ் இறங்கிடுச்சுங்க சார்."

கேஸ் என்பது ஏ.சி. குழாய்க்குள் சுற்றி அறையைக் குளிர்விக்கும் வாயு. முந்தைய கோடையில் இந்த ஒரு வாசகத்துக்காக நான் கொடுத்தது 5,300 ரூபாய். முதல் மெக்கானிக்குக் கொடுத்தது 2,800. ஐந்து வாரம் கழித்து வந்த இன்னொருவருக்கு 2,500. கேஸ் ஏற்றிய அன்று இரவு அறை ஜில்லென்றுதான் இருந்தது. இரண்டு முறையும் அன்று சாயங்காலம் கோடை மழை பெய்திருந்தது என்பது பிறகுதான் மண்டையில் உறைத்தது.

மூன்றாவதாக, தர்மபுரியிலிருந்து மச்சான் அனுப்பிவைத்த வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். கேஸ் மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. என் செல்போன் டார்ச்சை அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம் பிடிக்கச் சொன்னார். முன்பக்க ஃபேன் கூண்டு வழியாகத் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். "வெளிச்சமே வரலீங்களே, காத்து எங்கிருந்து வரும்? காத்து வராம கேஸ் என்னாங்க பண்ணும்?"

எங்களுடையது 1.5 டன் ஸ்ப்ளிட் ஏ.சி. ஆறு வருடம் திருவொற்றியூரில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓடியது. பிறகு கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலைப் பக்கம் குடிவந்தோம். அங்கே உப்புக்காற்று அரித்த காயில் மேல் இங்கே கிரானைட் தூசியும் நெடுஞ்சாலைப் புழுதியும் அப்பிக்கொண்டன. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்குப் புதிதாக வந்தவர்கள், முதல் முறை ஏ.சி. வைத்திருப்பவர்கள், கடலோர ஊரிலிருந்து ஏ.சி.யைக் கழற்றிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் என் 5,300 ரூபாயை மிச்சம் பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கோளாறு எதில் என்று முதலில் பாருங்கள்

ஏ.சி.யில் காயில் இரண்டு. இன்டோர் காயில் அறையின் சூட்டை வாங்கிக்கொள்ளும், அவுட்டோர் காயில் அதை வெளியே தள்ளும். பெரும்பாலும் செப்புக் குழாய், அதைச் சுற்றி அடுக்கடுக்காக மெல்லிய அலுமினியத் தகடுகள். மெக்கானிக்குகள் அதை ஃபின் என்பார்கள். ஃபின்களுக்கு நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் சந்து. அந்தச் சந்து அடைபட்டால் மொத்தமும் போச்சு.

அவுட்டோரில் அடைத்தால் சூடு வெளியேறாது, உள்ளே அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஏ.சி. தானாக நின்று நின்று ஓடினால் இதைச் சந்தேகியுங்கள். இன்டோரில் அடைத்தால் காற்று குறையும், காயில் பூஜ்ஜிய டிகிரிக்கும் கீழே போய்ப் பனிக்கட்டி பிடிக்கும். கேஸ் குறைந்தாலும் இதே பனிக்கட்டிதான் பிடிக்கும். ஏமாறுவதும் ஏமாற்றுவதும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

150 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். ரிமோட்டில் 18 வைத்து, கால் மணி நேரம் ஓடவிட்டு, இன்டோர் யூனிட் மேலே காற்றை உறிஞ்சும் இடத்தில் ஒரு முறை, கீழே காற்று வரும் வாயில் ஒரு முறை அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் நல்லபடி ஓடுகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அன்று இருந்தது 5. இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், கழுவி முடித்ததும் தேவைப்படும்.

2. காகிதங்களை எடுத்து வையுங்கள்

கை வைப்பதற்கு முன் வாரன்டி கார்டைப் படியுங்கள். கம்ப்ரஸருக்கு 10 வருடம் என்று கடையில் பெரிதாக எழுதியிருப்பார்கள், காயிலுக்குப் பெரும்பாலும் அதே வருடங்கள் இருக்காது. வாரன்டி இருக்கும்போது கம்பெனி ஆள் அல்லாத ஒருவர் உடம்பைத் திறந்தால் என்ன ஆகும், உப்பு அரிப்புக்குப் பொறுப்பேற்பார்களா என்ற இரண்டு வரிகளையும் கார்டில் தேடிப் பாருங்கள். ஃபில்டரைக் கழுவுவதிலும், வெளியிலிருந்து பிரஷ் போட்டுத் தண்ணீர் தெளிப்பதிலும் வில்லங்கம் வராது. ஸ்க்ரூவைக் கழற்றுவதாக இருந்தால் கார்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இன்டோர், அவுட்டோர் இரண்டிலும் உள்ள ஸ்டிக்கர்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சீரியல் நம்பர், எந்த கேஸ், எத்தனை கிராம் எல்லாம் அதில் இருக்கும். வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் அவுட்டோர் ஸ்டிக்கர் வெளுத்துப்போய்விடும், அதனால் இன்றைக்கே எடுங்கள். வாங்கிய பில்லையும் போட்டோ எடுத்து அதே இடத்தில் வையுங்கள். ஊர் மாறியவர்கள் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குக் கூப்பிட்டு முகவரியையும் மாற்றிவிட வேண்டும். நான் மாற்றாமல் விட்டேன். புகார் சென்னைக்குப் போய், அங்கிருந்து ஒருவர் "வீட்டு வாசல்லதான் சார் நிக்கிறேன்" என்று போன் செய்தார். அவர் நின்றது திருவொற்றியூரில்.

மெக்கானிக் வந்தால், சின்ன வேலையானாலும், தேதி போட்டு என்ன செய்தார் என்று எழுதி வாங்குங்கள். என்னிடம் கேஸ் ஏற்றியதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதனால்தான் இரண்டாவது ஆள் முதல் ஆள் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போக முடிந்தது.

வாடகை வீடென்றால் ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கழுவும் தண்ணீர் கறுப்பாக வழியும், கீழ்வீட்டுச் சுவரில் இறங்கினால் அடுத்த மாதம் வரை பேச்சு வரும்.

3. வாங்க வேண்டியவை

நான் வாங்கியது: பெயின்ட் அடிக்கும் மெத்தென்ற பிரஷ் 60 ரூபாய், செடிக்கு மருந்து தெளிக்கும் இரண்டு லிட்டர் கை ஸ்ப்ரேயர் 350, இன்டோரைச் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் பை 450, வளைந்த ஃபின்னை நிமிர்த்தும் சீப்பு 200, தெர்மாமீட்டர் 150. ஆக 1,210 ரூபாய். ஒரு முறை போட்ட காசு. மெக்கானிக்கை வைத்துக் கழுவினால் எங்கள் பக்கம் ஒரு தடவைக்கு 700 கேட்டார்கள்.

பை வாங்க மனமில்லையென்றால் பழைய தார்ப்பாயைச் சுவரில் ஒட்டிச் சமாளிக்கலாம். நான் முதலில் அப்படித்தான் செய்து, கட்டில் மெத்தையை இரண்டு நாள் மொட்டை மாடியில் காயப்போட்டேன். கையுறை கட்டாயம் வேண்டும். ஃபின்னின் விளிம்பு பிளேடு மாதிரி, கிழித்த பிறகுதான் தெரியும்.

கழுவுவதற்குப் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் போதும். கடையில் காயில் கிளீனர் என்று வாங்கினால், அமிலமும் காரமும் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். காஸ்டிக் சோடா கலந்தவை காயிலில் பட்டதும் பொங்கிப் பொங்கி நுரைக்கும், பார்க்கிறவர்களுக்கு அழுக்கு வெளியே வருகிற மாதிரி இருக்கும். உண்மையில் அலுமினியம் கரைந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிற நுரை அது. கழுவியதும் பளபளவென்று இருக்கக் காரணம், மேல்தோல் போய்விட்டது. நீல நிறத்திலோ தங்க நிறத்திலோ உங்கள் ஃபின் இருந்தால் அது அரிப்பைத் தடுக்கப் பூசிய பூச்சு. அதையும் உரித்துவிடும். பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள்.

4. எந்தத் தண்ணீர்?

நம் இரண்டு மாவட்டத்துக்கும் உரிய தனிச் சிக்கல் இது. போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். வாளியின் ஓரத்திலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிகிறதே, அது காயிலிலும் படியும். இன்னும் சூடான இடம் என்பதால் அவுட்டோரில் சீக்கிரம் படியும். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதற்காகக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறதென்றால் அதுதான் நல்லது.

"குடிக்கிற தண்ணிய ஏ.சி.க்கு ஊத்துறானாம்" என்று அம்மா வாசலில் நின்று எல்லாருக்கும் சொன்னார். நியாயம்தான். அதனால் ஒரு சமரசம்: அழுக்கைப் போக்குவதெல்லாம் போர் தண்ணீரில், கடைசியாக அலசுவது மட்டும் ஒரு குடம் ஒகேனக்கல் தண்ணீரில். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது.

5. கரண்ட்டை நிறுத்துங்கள்

ரிமோட்டில் அணைத்தால் போதாது. மின் பலகையில் ஏ.சி.க்கென்று இருக்கும் பாதுகாப்பு சுவிட்சை, அதாவது எம்.சி.பி.யை, கீழே தள்ளுங்கள், ஸ்டெபிலைசர் இருந்தால் அதையும் அணையுங்கள். பிறகு பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அவுட்டோர் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும், இன்வெர்ட்டர் ஏ.சி.யில் இது இன்னும் ஆபத்து. வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, எம்.சி.பி. மேல் ஒரு பேப்பரும் ஒட்டிவிடுங்கள். ஃபேன் ஓடவில்லையே என்று யாராவது எல்லா சுவிட்சையும் தூக்கிவிடுவது நம் வீடுகளில் நடக்கிற காரியம்.

அவுட்டோர் இரண்டாம் மாடிச் சுவரில் இரும்புத் தாங்கியில் தொங்குகிறதென்றால் அந்தப் பகுதியை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். 700 ரூபாய்க்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

6. இன்டோர்

மூடியைத் தூக்கி ஃபில்டர்களைக் கழற்றிக் குழாயடியில் கழுவி நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் சட்டம் வளைந்துவிடும். காயில் இப்போது கண்ணுக்குத் தெரியும். ஈரத்தில் தூசி படிந்து கம்பளி மாதிரி ஒட்டியிருந்தால் முதலில் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக, ஃபின் போகும் திசையிலேயே வருடுங்கள். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் ஃபின் மடங்கிவிடும்.

எலெக்ட்ரானிக் போர்டு பெரும்பாலும் வலது ஓரத்தில் இருக்கும். அந்தப் பக்கம் பாலிதீன் கவரைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். காயில் முன்னால் மெல்லிய கறுப்பு ஒயரில் தொங்கும் சென்சாரை இழுக்காதீர்கள். பையைச் சுற்றிக் கட்டி, அதன் வாலை வாளிக்குள் விட்டு, சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, வெறும் தண்ணீரால் அலசுங்கள். கை ஸ்ப்ரேயரின் வேகம் போதும்.

பனிக்கட்டி பிடித்திருந்தால் குத்தி எடுக்காதீர்கள். முந்தின நாள் ராத்திரியே ஃபேன் மோடில் ஓடவிட்டால் உருகிவிடும்.

கடைசியில், காயிலில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் ட்ரெயின் பைப்பில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி வெளியே வருகிறதா பாருங்கள். அறைக்குள் சுவரில் தண்ணீர் வடிகிறது என்கிற புகார்களில் பல இந்தப் பைப்பில் கொழகொழவென்று அடைத்துக்கொண்டதுதான்.

7. அவுட்டோர்

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். முதல் முறை எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

ஃபேன் இருக்கிற முன்பக்கத்தை எல்லாரும் கழுவுவார்கள். காற்று நுழைவது பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும். அழுக்கு இருப்பதும் அங்கேதான். சுவருக்கும் யூனிட்டுக்கும் நடுவே கை நுழைய இடமில்லாமல் மாட்டியிருந்தால் அதுவே ஒரு கோளாறு. மாட்டும்போதே ஒரு சாண் இடைவெளி கேட்டு வாங்குங்கள்.

நான் செய்த பெரிய தப்பு, வந்த வேகத்தில் தண்ணீர் அடித்தது. கிருஷ்ணகிரித் தூசி சாதாரணத் தூசி அல்ல, கல் அறுக்கிற மாவு. தண்ணீர் பட்டதும் சேறாகிச் சந்துக்குள் இறங்கி, காய்ந்ததும் பூச்சு வேலை செய்த மாதிரி பிடித்துக்கொண்டது. முதலில் முழுக்க உலர்ந்த நிலையிலேயே பிரஷ் போடுங்கள். கீழே பேப்பர் விரித்தால் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கலாம். எனக்கு ஒரு டம்ளர் நிறைய விழுந்தது, சாம்பல் நிறத்தில், விரலில் தேய்த்தால் நறநறவென்று.

பிறகு சோப்புத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். பிறகு மேலிருந்து கீழே அலச வேண்டும். தண்ணீர் ஃபின்னுக்கு நேராகப் போகட்டும், சாய்வாக அடித்தால் மடங்கும். பைக் கழுவுகிற பிரஷர் பம்ப்பை எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தார். அதை ஒரு நொடி அடித்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஃபின்கள் படுத்துவிட்டன. சீப்பு வாங்க நேர்ந்தது அதனால்தான், அரை மணி நேரம் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். மின் இணைப்பு இருக்கும் பக்க மூடியின் மேல் நேராகத் தண்ணீர் அடிக்காதீர்கள்.

சில காயில்கள் இரண்டு வரிசையாக இருக்கும். வெளியிலிருந்து அடித்த தண்ணீர் அழுக்கைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு வரிசைக்கும் நடுவில் நிறுத்திவிடும். டார்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். வெளிச்சம் இன்னும் வரவில்லையென்றால், மேல் மூடியைக் கழற்றி உள்ளிருந்து வெளியே கழுவ வேண்டும். அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அந்த வேலையை மட்டும் சொல்லிக் கேளுங்கள்.

8. கடலோரத்திலிருந்து வந்த ஏ.சி.யானால்

எங்கள் அவுட்டோரின் அடிப்பக்கத்தில் விரல் வைத்தபோது வெள்ளைத் தூள் ஒட்டியது, விபூதி மாதிரி. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன். ஃபின்னே உதிர்ந்து வந்தது. அலுமினியம் அரித்துப்போனால் அப்படித்தான் ஆகும்.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அந்த உப்புநீர் நின்றால், பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். கடலோரத்தில் ராத்திரி முழுக்க இதுதான் நடக்கிறது. கிருஷ்ணகிரிக் கோடையில் காற்று வறண்டது என்பதால் அரிப்பு மந்தமாகும், ஆனால் வந்த உப்பு போய்விடாது, ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும். ஆகவே கடலோர ஏ.சி.யை இங்கே மாட்டுவதற்கு முன்னால், தரையில் இருக்கும்போதே, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை நிதானமாக அலசிவிடுங்கள். குழாய் வாய்கள் மூடி போட்டு அடைத்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நான் பிரித்து மாட்டிய அவசரத்தில் அலசாமல் விட்டேன்.

இன்னும் கடலோரத்திலேயே இருக்கிறவர்களுக்கு என் மச்சான் சொல்வதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அவர் பழைய வீட்டில் மாதம் ஒரு முறை சோப்பு எதுவும் இல்லாமல் வெறும் நல்ல தண்ணீரை அவுட்டோர் மேல் ஊற்றிவிடுவார், ஐந்து நிமிட வேலை. மழைக்காலத்தில் அவுட்டோரைப் பாலிதீனால் சுற்றி மூடி வைக்கிறார்கள் சிலர். உள்ளே ஈரம் அடைபட்டு இன்னும் வேகமாக அரிக்கும். மூட வேண்டுமென்றால் மேலே மட்டும் ஒரு தகடு போதும்.

9. காயவைத்து, அளந்து பாருங்கள்

எல்லாம் சொட்டி முடிய ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு எம்.சி.பி.யைப் போட்டு, ஃபேன் மோடில் அரை மணி நேரம், அப்புறம் கூல். கால் மணி கழித்து அதே தெர்மாமீட்டர், அதே இரண்டு இடம், அதே 18. எங்களுக்கு 5 டிகிரியாக இருந்தது 10 ஆனது. இரண்டு தடவை ஏற்றிய கேஸ் அதிகமாகிவிட்டது என்று தர்மபுரியிலிருந்து வந்த அந்த மெக்கானிக் பெரியவர் கொஞ்சம் திறந்தும் விட்டார், பணம் கொடுத்து வாங்கியது உஸ்ஸென்று போனது.

மின் கணக்கில் ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் வந்தது, மறு வருடம் அதே மாதங்களில் 510. ரிமோட்டை 24-லேயே விட்டதும் ஒரு காரணம். 2020 ஜனவரி முதல் புது ஏ.சி.கள் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, நாம்தான் 18-க்கு இறக்குகிறோம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும் என்பதால் அந்தப் பத்து யூனிட் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

10. அதற்குப் பிறகும் குளிரவில்லையா?

இப்போது கேஸைப் பற்றிப் பேசலாம். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், ஓட்டை இருந்தால்தான் குறையும். "வருஷா வருஷம் டாப் அப் பண்ணணும் சார்" என்று யாராவது சொன்னால், "எங்க லீக்கு, காட்டுங்க" என்று மட்டும் கேளுங்கள். இணைப்பு நட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா பாருங்கள், கேஸ் கசிந்தால் கூடவே எண்ணெயும் கசியும். கழற்றி மாட்டிய ஏ.சி.யில் இது நிஜமாகவே நடக்கக்கூடியது. குழாய்க்குள் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி லீக்கைக் கண்டுபிடித்து, அதை அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்ச வேக்கம் பம்ப் போட்டு, ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி தராசில் வைத்து ஏற்றுவதுதான் முறை. ஆர்-32 என்று ஸ்டிக்கரில் இருந்தால் அது தீப்பற்றக்கூடிய கேஸ், தெரியாதவர் கையில் நெருப்பு வைத்துக் குழாயை ஒட்டும் வேலையைக் கொடுக்காதீர்கள்.

11. எப்போது?

ஃபில்டர், ஓடும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. அவுட்டோருக்கு உலர் பிரஷ், சாலையோரமோ கல் அறுக்கும் பட்டறைக்குப் பக்கமோ இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முழுக் கழுவல் வருடத்துக்கு ஒன்று, தை மாசியில், மா பூத்திருக்கிற நேரத்தில். சித்திரையில் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் "நாளைக்கு வர்றேங்க" என்பார்கள், அந்த நாளை எனக்கு ஒன்பது நாள் கழித்து வந்தது. காலை ஏழு மணிக்கு ஆரம்பியுங்கள், வெயில் ஏறிய பிறகு சோப்புத் தண்ணீர் ஊறுவதற்குள் காய்ந்துவிடும்.

கழுவிய தேதியை அவுட்டோரின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் எழுதி வைக்கிறேன். எங்களுடையதில் மூன்று தேதிகள் இருக்கின்றன. அடிவரிசை ஃபின்கள் உதிர்ந்துபோனது உதிர்ந்ததுதான், இன்னும் இரண்டு கோடை தாங்கும் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார்.